வராத நாட்களுக்கும் சைபர்

சிதம்பரம் கிளினிக்கில் காலை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நூர் சிஸ்டரின் மருமகன் பெயர் தெரிந்தது. எடுப்பதற்கு முன்பே விஷயம் புரிந்துவிட்டது. நான்கு மாதமாக ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், இது அந்த அழைப்பாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"சார், மாமி மவுத்தாயிட்டாங்க. விடிஞ்சதும் போயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு எடுத்துருவோம். வர்றதா இருந்தா சீக்கிரம் வாங்க."

பரங்கிப்பேட்டை அரை மணி நேரத் தூரம்தான். காத்திருந்தவர்களில் இருவரை அப்படியே விட்டுவிட்டு வர முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கபர்ஸ்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். மருமகன் என் கையைப் பிடித்து மறுபடி உள்ளே அழைத்துப் போனார். ஒரு பிடி மண் எடுத்துப் போட்டேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

நூர்ஜஹான் பீவி என்பது அவருடைய முழுப் பெயர். கடலூரில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் எட்டு வருடம் நர்ஸாக இருந்தார். நாங்கள் எல்லோரும் நூர் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். இந்தப் பக்கத்துக்காரர்களான உங்களில் பலருக்கு அவர் தன் கையால் ஊசி போட்டிருப்பார். சிலருடைய வீட்டுக்கே வந்திருப்பார். அவர் செய்த ஒரு காரியத்தை இதுவரை நான் வெளியில் சொன்னதில்லை. சொன்னால் என்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். இப்போது சொல்லிவிடுகிறேன்.

அவரை நான் முதலில் கவனித்தது சுனாமி வந்த வாரத்தில். தேவனாம்பட்டினத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். நாங்கள் போய் முகாம் போட்டோம். காயம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வரிசை நீண்டது. நூர் சிஸ்டர் வரிசையை விட்டு விலகிப் பெண்கள் படுத்திருந்த அறைகளுக்குள் போய் வந்தார். திரும்பி வந்து என் காதருகே சொன்னார்:

"சார், பொம்பளைங்க யாரும் தண்ணி குடிக்க மாட்டேங்குறாங்க. காலைல மொண்டு வச்ச தண்ணி அப்படியே இருக்கு."

"தாகம் இல்லையோ என்னமோ."

"ஒதுங்க எடம் இல்ல சார். மறைவு இல்ல. அதான் குடிக்காம இருக்காங்க. கேட்டா ஒண்ணும் இல்லம்பாங்க. வாயக் கேக்காதீங்க, சொம்பப் பாருங்க."

அன்று மதியத்துக்குள் எங்கிருந்தோ இரண்டு தார்ப்பாயும் கயிறும் வாங்கி வந்து, மரத்துக்கு மரம் கட்டி மறைப்பு போட்டுவிட்டார். சாயங்காலம் சொம்புகள் காலியாக இருந்தன. நான் சிறுநீரகத் துறையில் பட்டமேற்படிப்பு முடித்தவன். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

அதற்கு மூன்று வருடம் கழித்து எங்கள் மருத்துவமனை ஒரு ஆய்வில் சேர்ந்தது. நாள்பட்ட சிறுநீர்ப்பை வலிக்கான மருந்து அது. இந்த நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரில் கிருமி இருக்காது. கல் இருக்காது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஆனால் பை கொஞ்சம் நிரம்பினாலே நெருப்பை வைத்தது மாதிரி வலிக்கும். போய்விட்டு வந்தால் சற்றுக் குறையும், பத்து நிமிடத்தில் மறுபடி ஆரம்பிக்கும். பகலும் இரவும் இப்படி, வருடக்கணக்கில். பெண்களுக்குத்தான் ஜாஸ்தி. நீர்க்கடுப்பு என்று சொல்லிப் பத்து டாக்டர்களிடம் போய், கிருமிக்கான மாத்திரையைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டு, கடைசியில் மனசுதான் காரணம் என்று கேட்டுவிட்டு எங்களிடம் வருவார்கள்.

ஆய்வில் பாதிப் பேருக்கு மெல்லிய குழாய் வழியாகப் பைக்குள் மருந்தை விடுவோம். மீதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு நோட்டு கொடுப்போம். ஒரு நாளைக்கு ஒரு வரி. எத்தனை தடவை போனீர்கள், வலி எவ்வளவு. வலியே இல்லையென்றால் சைபர், தாங்கவே முடியாவிட்டால் பத்து. அதை வலி நோட்டு என்று சொல்லுவார்கள்.

என்னிடம் யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். ஆண் டாக்டர். "கொஞ்சம் இருக்கு" என்பார்கள், நான் மூன்று என்று எழுதுவேன். நூர் சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். "எந்த பஸ்ஸுல வந்தீங்க?" என்று ஆரம்பிப்பார். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நேராக வரும் பஸ்ஸில் ஏறி, நடுவில் இரண்டு இடத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் உண்டு. ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். அவர் சொல்லி நான் அந்த மூன்றை அடித்துவிட்டு எட்டு என்று திருத்தியிருக்கிறேன். "படிவத்துல கேள்வி இருக்கு சார், கேக்குறதுக்குத்தான் ஆளு இல்ல" என்று ஒரு முறை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உறைத்தது.

குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். தமிழரசி என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவர் பெயர் இல்லை. முப்பத்திரண்டு வயது. நடவுக்கும் களைக்கும் போகிறவர். இரண்டு பிள்ளைகள். வயலில் வரிசையாக நின்று நடும்போது அடிக்கடி கரையேற வேண்டியிருந்ததால் மற்ற பெண்கள் முனக ஆரம்பித்து, பிறகு வேலைக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். புருஷன் நடிப்பு என்று சொல்லிவிட்டான். எட்டாவது வரை படித்தவர், நோட்டைத் தானே எழுதுவார். ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது. எண்கள் அழகாக, ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும்.

மூன்றாவது முறை வந்தபோது அவர் என்னிடம் நேராகக் கேட்டார்: "இது போயிடுமா டாக்டர்?"

அன்று கூட்டம் அதிகம். நான் சொன்ன பதில் இது: "இது உயிருக்கு ஆபத்தான நோய் இல்லம்மா. பயப்படாதீங்க. முழுசா போவும்னு சொல்ல முடியாது. கொஞ்சம் பழகிக்கணும்."

ஆறுதல் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். தமிழரசி தலையை ஆட்டிவிட்டுப் போனார். நூர் சிஸ்டர் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த நோட்டு நாலு வாரத்துக்கானது. பதினைந்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் மருத்துவமனைக்காக வாரம் ஒருநாள் நாங்கள் போகும் சிதம்பரம் கிளினிக்கில், அதை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே தமிழரசி போய்விட்டதாக வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். எடுத்துப் பிரித்தேன். முதல் இரண்டு நாள் ஒன்பது. அதற்கப்புறம் சைபர். சைபர், சைபர், சைபர். பக்கம் முழுக்க. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். மருந்து நிறுவனத்தின் கண்காணிப்பாளர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. அவரிடம் காட்ட ஒரு நோட்டு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"சிஸ்டர், பாத்தீங்களா? தமிழரசிக்கு மருந்து கேட்டுடுச்சு."

நூர் சிஸ்டர் நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது.

"சார், இன்னிக்கு செவ்வா."

"ஆமா."

"வெள்ளிக்கிழமைக்கும் எழுதியிருக்கா. அடுத்த வாரத்துக்கும், அதுக்கு அடுத்த வாரத்துக்கும். நோட்டு முடியிற வரைக்கும் எழுதிட்டா."

நான் வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம். ஒரே உட்காரலில் எழுதியது. "சோம்பேறித்தனம்" என்றேன். "நெறைய பேரு இப்படித்தான் சேத்து எழுதுறாங்க."

"முடிஞ்ச நாளைத்தான் சேத்து எழுதுவாங்க. வராத நாளை யாரும் எழுதமாட்டாங்க சார். வராத நாளுக்கு வலி இல்லன்னு எப்படி அவளுக்குத் தெரியும்?"

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கழுத்தில் வேர்த்தது. ஆனாலும் நான் சொன்னது, "ஓ.பி. நடக்குது சிஸ்டர். நாளைக்கு ஆள் விட்டுப் பாக்கலாம்."

"நாளைக்கும் எழுதியாச்சு சார்" என்றார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

குமராட்சிக்கு மினிபஸ் பிடித்திருக்கிறார். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். அதற்கு அடுத்தவரையும். இரண்டு மணி நேரம் எந்தத் தகவலும் இல்லை. போனை மேசையில் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, அது அடிக்கவும் வேண்டும், அடிக்கவும் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு அடித்தது.

"சார், கார எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க. டிரைவர அனுப்பாதீங்க. நீங்க வாங்க."

"இருக்காங்களா?"

"இருக்கா. வாங்க."

வாய்க்காலைத் தாண்டிக் கடைசித் தெருவில் வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த வீட்டின் சுத்தம். தரை கழுவித் துடைத்திருந்தது. பாத்திரங்கள் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தன. பிள்ளைகள் இரண்டையும் தமிழரசி காட்டுமன்னார்கோவிலில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். நல்ல சேலைகள் இரண்டை நாத்தனாரிடம் கொடுத்திருந்தார். நோட்டையும் ஒப்படைத்துவிட்டார். பாக்கி ஒன்றுதான் இருந்தது. அதற்கான ஏற்பாட்டை நூர் சிஸ்டர் கண்டுபிடித்து வெளியே எறிந்துவிட்டிருந்தார். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பெண்கள் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நூர் சிஸ்டர் தமிழரசியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், நாடி பார்ப்பது மாதிரி. ஆனால் பார்க்கவில்லை, சும்மா பிடித்திருந்தார்.

"எங்கிட்ட சொன்னத டாக்டர்கிட்டயும் சொல்லு" என்றார்.

தமிழரசி நிமிரவில்லை. "நீங்கதான சார் சொன்னீங்க, இதால உயிருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. அன்னிக்கு ஊட்டுக்கு வர்ற வரைக்கும் அதையே நெனச்சிக்கிட்டு வந்தேன். இது என்னக் கொல்லவும் கொல்லாதாம், உடவும் உடாதாம். அப்ப இன்னும் முப்பது வருசம், நாப்பது வருசம் இப்படியேவா? நீங்க தைரியம்தான் சொன்னீங்க. எனக்கு அதுதான் பயமாப் போச்சு."

நான் போய்க் கார்க் கதவைத் திறந்து வைத்தேன்.

காரில் கடலூருக்கு அழைத்து வந்தோம். வழியில் ஐந்து இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நூர் சிஸ்டர் கூடவே இறங்கி, தன் சேலையை விரித்து மறைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நிற்பார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். தமிழரசி திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டு பின்சீட்டில் சாய்வார். சிறுநீர்ப்பை வலியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருந்தேன். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

மனநல மருத்துவர் பார்த்தார். நான்கு நாள் எங்கள் வார்டில் வைத்திருந்தோம். அதற்குமேல் தனியாக அனுப்பப் பயந்து, நூர் சிஸ்டர் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். பரங்கிப்பேட்டையில், உம்மா என்று அவர் கூப்பிடும் அம்மாவோடு பதினோரு நாள். இரண்டு வேறு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தோம். சிறுநீர் போகும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடும் பயிற்சியை நூர் சிஸ்டர் சமையலறைக் கடிகாரத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

கண்காணிப்பாளர் சென்னையிலிருந்து வந்தார். மரியாதையான மனிதர். நடந்ததைச் சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், எப்படியிருந்தாலும் இந்த ரெண்டு வாரத்து சைபர் அவங்க கைப்பட எழுதினது. அத வச்சுக்கலாம். மீதிய விட்டுடலாம். அவங்களா விலகிட்டதா போட்டுடலாம். வேற மாதிரி எழுதினா இந்த சென்டரையே மூட வேண்டி வரும்."

நான் உடனே மறுக்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். எத்தனையோ பேர் அந்த ஆய்வை நம்பி வந்துகொண்டிருக்கிறார்கள், மூடினால் அவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நோட்டைச் சரிபார்த்ததற்கு நர்ஸின் கையெழுத்து வேண்டும். படிவத்தை நூர் சிஸ்டரிடம் நீட்டினேன்.

அவர் உட்கார்ந்து முழுவதும் படித்தார். பிறகு பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"இதுல நான் போடமாட்டேன் சார். சாவப்போறேன்னு எழுதிக் குடுத்திருக்கா. நாம அத சொகமாயிட்டான்னு எழுதுறோம். இதப் படிச்சுட்டு எந்த ஊர்லயோ ஒரு டாக்டர் எந்தப் பொண்ணுக்கோ இந்த மருந்தப் போடுவாரு. அல்லாவுக்கு நான் பதில் சொல்லணும்."

கண்காணிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார். நான் படிவத்தைக் கிழித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி, தமிழரசிக்கு நான் சொன்ன அந்தப் பதிலையும் அதில் சேர்த்து, நெறிமுறைக் குழு, மருந்து நிறுவனம், அரசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் என்று மூன்று இடங்களுக்கு அனுப்பினேன். எதிர்பார்த்தபடி எங்கள் மையத்தில் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். மருத்துவமனை நிர்வாகத்தில் என்னிடம் சில மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஆய்வு முடிந்தபோது அந்த மருந்துக்கும் வெறும் திரவத்துக்கும் வித்தியாசமில்லை என்று வந்தது. தமிழரசிக்கு நாங்கள் விட்டது வெறும் திரவம்தான் என்றும் அப்போது தெரிந்தது. நூர் சிஸ்டரிடம் சொன்னேன். "அவகிட்ட சொல்லணும் சார். ஒளிக்கக் கூடாது" என்றார். அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தமிழரசி இன்றும் என்னிடம் வருகிறார். வலி நாலு, சில நாள் ஆறு. வேலைக்குப் போகிறார்.

இந்த இடத்தில் நிறுத்த முடிந்தால் நன்றாக இருக்கும்.

போன வருடம் நோன்பு முடிந்து வந்ததிலிருந்தே நூர் சிஸ்டர் இளைத்துக்கொண்டு வந்தார். வார்டுத் தாழ்வாரத்தில் பார்த்தபோது கேட்டேன், "என்ன சிஸ்டர், ரொம்ப எளச்சிட்டீங்க?"

"நோன்புல எளச்சது சார். இன்னும் ஏறல."

தானே புயல் அடித்து ஊரே சாய்ந்து கிடந்த வாரத்தில் கரண்ட் இல்லாமல், ஜன்னல் கண்ணாடி இல்லாமல் வார்டை அவர்தான் நடத்தினார். அப்போது ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு சுவரோடு நின்றிருந்ததைப் பார்த்தேன். "உடம்பு எப்படி இருக்கு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல சார். வாய்வு."

"ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எடுத்தாரா என்று கேட்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, சேலைக்கு மேலேயே வயிறு தெரிந்த பிறகு, நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எடுக்கவைத்தேன். வயிறு நிறைய நீர் கோத்திருந்தது. கருப்பையிலிருந்து தொடங்கிய கட்டி குடல் வரைக்கும் போயிருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நூர் சிஸ்டரும் பார்க்கவில்லை. எங்கள் மூவருக்கும் அந்தப் படத்தைப் படிக்கத் தெரியும்.

கடைசியாகப் பரங்கிப்பேட்டையில் போய்ப் பார்த்தபோது சொன்னேன், "நான் சரியாக் கேட்டிருக்கணும் சிஸ்டர்."

"நீங்க கேட்டீங்க. நான்தான் சொல்லல."

"ஏன்?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பயம் சார். பேரு சொல்லாம வச்சிருந்தா போயிரும்னு நெனச்சேன். நர்ஸுக்கு மட்டும் பயம் இருக்கக் கூடாதா?" என்று சிரித்தார். அதற்கப்புறம், மருந்து போதவில்லை, வலி தாங்கவில்லை, ஜாஸ்தி பண்ணிக் கொடுங்கள் என்று தானே கேட்டார். வலிக்கு எண்ணும் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது நல்ல நினைவு என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் என்னிடம் இருப்பது ஒரு பயம். யாராவது என் முன்னால் உட்கார்ந்து வலியே இல்லை என்று சொன்னால் அதை அப்படியே எழுதப் பயமாக இருக்கிறது. முன்பு அந்தச் சொல்லைக் கேட்டால் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன். இப்போது முடிவதில்லை. அவர் எனக்கு விட்டுப் போனது அதுதான். அது என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு அம்மாள் வந்தார். ஆறு மாதமாக வருகிறவர். "இப்பல்லாம் பரவால்ல டாக்டர், ஒண்ணும் இல்ல" என்றார். நான் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடி வைத்தேன். நேற்று காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார். வெளியே கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன்.

"அந்தக் கதவக் கொஞ்சம் சாத்தச் சொல்றீங்களா?" என்றார்.